ஊர்வல அனுமதி என்று ஒரே ஒரு காகிதம் கிடையாது

"ஊர்வலத்துக்கு போலீஸ் அனுமதி மறுப்பு." "நிபந்தனைகளுடன் அனுமதி." "தடையை மீறி ஊர்வலம், வழக்குப்பதிவு." குமரி மாவட்டத்தில் பேப்பர் படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்புகள் பழகிப்போனவை. படித்ததும் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகும். "நம்ம ஊர்த் தேருக்கு எந்தக் காலத்தில் அனுமதி வாங்கினோம்?" என்பது ஒரு கட்சி. "போலீஸ் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பாதிதான் சரி. அனுமதி என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து துறைகளின் வெவ்வேறு காகிதங்கள் ஒளிந்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதலில் உரிமை, அப்புறம் அனுமதி

அரசியலமைப்பின் 19(1)(b) பிரிவு, ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. சமய ஊர்வலங்களுக்கு, சமய சுதந்திரம் தரும் 25ஆவது பிரிவும் துணை நிற்கிறது. இரண்டுமே வரம்புக்கு உட்பட்டவை. கூடும் உரிமையைப் பொது ஒழுங்குக்காகவும் நாட்டின் இறையாண்மைக்காகவும் நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம் என்று 19(3) சொல்கிறது.

"நியாயமான அளவு" எவ்வளவு? ஹிம்மத்லால் ஷா எதிர் அகமதாபாத் காவல் ஆணையர் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. பொதுச் சாலையில் நடக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம். ஆனால் சாலையில் கூட்டமே கூடாது என்று அடியோடு மூட முடியாது. எந்த வழி, எத்தனை மணி, எத்தனை வண்டி என்று கேட்கக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. "எதற்கு ஊர்வலம்?" என்ற கேள்விக்கு அவ்வளவு இடமில்லை.

இதற்குக் குமரியைத் தொட்ட அண்மை உதாரணம் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்பு வழக்கு. தமிழகம் முழுக்க 50 இடங்களில் நடத்தக் கேட்டிருந்தார்கள். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 44 இடங்களில் சுற்றுச்சுவருக்குள் நடத்திக்கொள்ளச் சொன்னார். மீதி 6 இடங்களில் அப்போதைக்கு அனுமதி இல்லை. அந்த ஆறில் நாகர்கோவிலும் அருமனையும் இருந்தன. 2023 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசின் மேல்முறையீட்டை ஏப்ரல் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த அமைப்பைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. இங்கே கவனிக்க வேண்டியது, "சட்டம் ஒழுங்கு கெடலாம்" என்ற பொத்தாம்பொதுவான காரணம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பது. அந்தத் தீர்ப்பு நாளைக்கு ஒரு தொழிற்சங்கத்துக்கும் பயன்படும், மீனவர் அமைப்புக்கும் பயன்படும்.

காவல்துறை கையில் இருக்கும் சட்டம்

சென்னைக்குத் தனிக் காவல் சட்டம் உண்டு. 1888ஆம் ஆண்டின் சட்டம், 41ஆவது பிரிவு. கூட்டம், ஊர்வலம் பற்றிய அதிகாரம் அங்கே காவல் ஆணையரிடம் இருக்கிறது. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனாலும் காவல் ஆணையரகம் வரவில்லை. எஸ்.பி.தான் தலைமை. அதனால் சென்னை செய்தியில் வரும் நடைமுறையை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. மாவட்டங்களில் அடிக்கடி காதில் விழுவது 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30ஆவது பிரிவு. அதைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

1. உட்பிரிவு (1): பொதுச் சாலையில் போகும் ஊர்வலத்துக்கு வழியையும் நேரத்தையும் காவல் அதிகாரி நிர்ணயிக்கலாம். எல்லா ஊர்வலத்துக்கும் இது பொருந்தும்.

2. உட்பிரிவு (2): கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமைதி கெடும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று காவல் அதிகாரி அறிவிப்பு வெளியிடலாம். "30(2) அமல்" என்று செய்தியில் வருவது இதுதான். இதை ஊரடங்கு என்று சிலர் வாட்ஸப்பில் பரப்புகிறார்கள். அது தப்பு. கடை திறந்திருக்கும், பஸ் ஓடும். கூட்டம் நடத்துகிறவர் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

3. உட்பிரிவு (3): உரிமத்தில் பொறுப்பாளர் பெயரும் நிபந்தனைகளும் எழுதப்படும். விண்ணப்பத்துக்கோ உரிமத்துக்கோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இந்த வரியை ஒவ்வொரு திருவிழாக் கமிட்டியும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

4. உட்பிரிவு (4): திருவிழா நாளில் தெருவில் மேளதாளம் எவ்வளவு என்பதையும் அதிகாரி ஒழுங்குபடுத்தலாம்.

நிபந்தனையை மீறினால் 30ஏ பிரிவின்படி ஊர்வலத்தை நிறுத்திக் கலைந்துபோகச் சொல்லலாம். 32ஆவது பிரிவு சொல்லும் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 1861இல் அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு சீரியல் லைட் மாலை வாங்கவே அது போதாது. அதனால்தான் வழக்கு என்று வரும்போது மற்ற சட்டங்களும் சேர்ந்துகொள்கின்றன.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, நாம் இன்னும் "144" என்றே சொல்லும் தடை உத்தரவு. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. இதைப் போடுவது நிர்வாக மாஜிஸ்திரேட். ஆட்சியரோ கோட்டாட்சியரோ போடலாம். அவசரச் சூழலுக்கானது, இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. மாநில அரசு நீட்டித்தால்தான் உண்டு.

குமரியில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. பரப்பளவு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கடைவீதியே நெடுஞ்சாலை. அங்கே அரை மணி நேரம் சாலை அடைபட்டால் திருவனந்தபுரம் போகிற பஸ் வரைக்கும் நிற்கும்.

அதே சாலைகளில்தான் எல்லாச் சமயத்தாரின் பவனியும் போகிறது. சுசீந்திரம் மார்கழித் தேர், நாகராஜா கோயில் தைத் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் பேராலயத் தேர்ப்பவனி, தக்கலை பீர்முகமது அப்பா விழா, விநாயகர் சிலை ஊர்வலம் என்று ஒரு மாதம் சும்மா போவதில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய மோதலும் துப்பாக்கிச் சூடும், அதை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையமும் மாவட்ட நிர்வாகத்தின் நினைவிலிருந்து இன்னும் போகவில்லை. ஒரு புதிய வழித்தடத்தைக் கேட்டவுடன் அதிகாரிகள் முகம் மாறுவதற்கு அதுதான் பின்னணி.

இங்கேதான் "வழக்கமான பாதை" என்ற சொல் வருகிறது. ஆண்டாண்டாகப் போகும் பாதையில் போனால் பெரும்பாலும் கேள்வி இருக்காது. ஒரு தெரு கூடினாலும் சமாதானக் கூட்டம், தாசில்தார் முன்னிலையில் பேச்சு, எழுத்துப்பூர்வ உறுதி என்று போகும். நடைமுறைக்கு இது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் வழக்கம் என்பது ஒரு சான்று மட்டும்தான். "முன்பு போனதில்லை" என்பது ஒன்றே மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பகுதியில் ஒரு மதத்தினர் அதிகம் வசிக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தின் ஊர்வலத்தை அந்தத் தெருவில் தடுக்க முடியாது என்று சொன்னது. இது எல்லாப் பக்கமும் வெட்டும் கத்தி. நம் தெருவில் மற்றவர் பவனி வரும்போதும் இதே தீர்ப்புதான்.

ஒரு சின்ன இடைச்செருகல்: கார்த்திகை கடைசி வெள்ளியில் குமாரகோவில் வேளிமலை முருகனுக்குத் தக்கலையிலிருந்து காவல்துறையின் பெயரிலும் பொதுப்பணித்துறையின் பெயரிலும் காவடி போவது திருவிதாங்கூர் மன்னர் கால வழக்கம். ஊர்வலத்தை ஒழுங்குபடுத்துகிற துறையே ஊர்வலம் போன மாவட்டம் இது.

எந்தக் காகிதம், எந்த மேசை

அனுமதி என்பது ஒரு கட்டு. அதைப் பிரித்துப் போட்டால் இப்படி வரும்.

1. காவல் நிலையம். மனு இங்கே தொடங்கி டி.எஸ்.பி., தேவைப்பட்டால் எஸ்.பி. வரை போகும். மனுவில் தேதி, கிளம்பும் நேரம், முடியும் நேரம், சந்திப்பு சந்திப்பாக வழி, ஆட்களின் எண்ணிக்கை, வண்டிகளின் எண், பொறுப்பாளர்களின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். "நாகர்கோவில் முக்கிய வீதிகள் வழியாக" என்று எழுதினால் மனு திரும்பி வரும். மணிமேடையா, வேப்பமூடா, செட்டிகுளமா என்று எழுத வேண்டும்.

நேரத்தில்தான் கமிட்டிகள் வழக்கமாகச் சறுக்குகின்றன. மாலை 5 மணிக்குக் கிளம்பி 7 மணிக்கு முடியும் என்று எழுதிக் கொடுப்பார்கள். தேரோ வீட்டுக்கு வீடு நிற்கும். ஒரு வீட்டில் மாலை, அடுத்த வீட்டில் உப்பும் மிளகும் நேர்ச்சை, மூன்றாவது வீட்டில் பாட்டியைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வரும்வரை காத்திருப்பு. 7 மணிக்குத் தேர் பாதி வழிகூட வந்திருக்காது. போக்குவரத்தை மாற்றிவிட்ட போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். எழுதியதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நிமிடமும் ஏட்டில் நிபந்தனை மீறல்தான். ஆகும் நேரத்தை உள்ளபடி எழுதிக் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

2. சாலையின் சொந்தக்காரர். தேசிய நெடுஞ்சாலை ஒரு அலுவலகம், மாநில நெடுஞ்சாலை வேறு அலுவலகம், உட்சாலை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி. வளைவு வைக்க, கொடிக்கம்பம் நட, பந்தல் போட இவர்களின் தடையில்லாச் சான்று வேண்டும். காவல்துறை கொடுத்த ஊர்வல அனுமதியைக் காட்டிச் சாலையில் குழி தோண்ட முடியாது. மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு துறை, பக்கத்துச் சந்தில் குழித்துறை நகராட்சி. நூறு அடிக்குள் ஆள் மாறிவிடும்.

3. உள்ளாட்சி. பேனருக்கு அனுமதி தனி. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்த பிறகு நீதிமன்றம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் உண்டு. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நடத்துகிறவர் பொறுப்பு. சமபந்தி விருந்து முடிந்து மலைபோல் கிடக்கும் எச்சில் இலைக்கும் பேப்பர் தட்டுக்கும் கமிட்டிதான் கணக்கு.

4. மின்வாரியம். இதை நான் முதல் இடத்திலேயே வைத்திருப்பேன். 2022 ஏப்ரல் 27இல் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். 2025 மார்ச் 1இல் நம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். இரண்டாவது சம்பவத்தில் ஊர்வலமே இல்லை, கவனியுங்கள். ஆபத்து பவனி நாளில் மட்டும் வருவதில்லை. அலங்காரம் கட்டும் நாளிலும் உண்டு, கழற்றும் நாளிலும் உண்டு. தேரின் உயரத்தை அடிக்கணக்கில் எழுதிக் கொடுத்து, அது கடக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தக் கேட்க வேண்டும். கொக்கி போட்டு லைட் எரிப்பது தனிக் குற்றம்; தற்காலிக இணைப்புக்கு வழி இருக்கிறது.

5. வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகத்தின் உரிமமும் தீயணைப்புத் துறையின் கருத்தும். யானை வந்தால் வனத்துறை. வளர்ப்பு யானைகளுக்கு 2011ஆம் ஆண்டின் தமிழக விதிகள் இருக்கின்றன. விநாயகர் சிலைக்கு 2018 அரசாணை வகுத்த தனி ஏற்பாடு: கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் விண்ணப்பம், பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் உயரம் கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையைக் கரைக்க விட மாட்டார்கள்.

இத்தனை மேசைக்கும் ஒரே சாளரம் விநாயகர் சிலைக்கு மட்டும் சாத்தியம் என்றால், மற்ற விழாக்களுக்கு ஏன் முடியாது என்பது நியாயமான கேள்வி.

இரவு பத்து மணி

"சாமி ஊர்வலத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள்" என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் மைக் செட் பற்றியவை. ஒலி மாசு விதிகள் 2000இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மூடிய அரங்குக்குள் நடப்பதற்கு விலக்கு உண்டு. இந்த இரவுத் தடை இசைக்கருவிகளுக்கும் பொருந்தும். ஆகவே "மைக் இல்லை, செண்டை மட்டும்தான்" என்ற சமாதானம் செல்லாது.

மாநில அரசு நினைத்தால் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. குடியிருப்புப் பகுதியில் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆக்கப்பட்டால் பகலில் 50, இரவில் 40. கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றச் சொல்லி காவல்துறை வருவது தனி; பாக்ஸ் வைத்தாலும் டெசிபல் வரம்பு மாறாது.

அம்மன் கொடையில் நடுச்சாமப் பூஜையும் விடிய விடிய வில்லுப்பாட்டும் இருக்கும் மாவட்டத்தில் இந்த விதி உறுத்தத்தான் செய்யும். பூஜையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, ஒலிபெருக்கியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ஊரில் ஒரு விழாவுக்கு 10 மணிக்கு ஒயரைப் பிடுங்கி, இன்னொரு விழாவுக்கு 12 மணி வரை கண்டுகொள்ளாமல் விடும்போதுதான் விதி மீதே சந்தேகம் வருகிறது. சச்சரவுகளில் பாதி அங்கே பிறக்கிறது என்பது என் கணிப்பு.

கரூருக்குப் பிறகு

2025 செப்டம்பர் 27இல் கரூர் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதன்பின் உயர் நீதிமன்றம் தலையிட்டு, நெடுஞ்சாலைகளில் அரசியல் கூட்டங்கள் பற்றிக் கடுமை காட்டியது. அரசு நெறிமுறை வகுக்க இறங்கியது. 5,000 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளை அது தனி வகையாக எடுத்துக்கொண்டது. இதனால் அனுமதியின் பாரம் இடம் மாறியிருக்கிறது. முன்பு வழி என்ன என்று கேட்டார்கள். இப்போது எத்தனை பேர் வருவார்கள், குடிநீர் எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வழியாக நுழையும் என்று கேட்கிறார்கள். குறைத்து எழுதினால் சுலபமாகக் கிடைக்கும் என்று 10,000 பேரை 2,000 என்று எழுதும் பழைய சாமர்த்தியம், விபத்து நடந்தால் எழுதியவர் தலைமேலேயே விழும்.

மறுத்தால் என்ன செய்வது?

1. மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். "மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்" என்பது காரணம் ஆகாது.

2. மாற்று வழியும் மாற்றுத் தேதியும் கொடுத்துப் பாருங்கள். நீதிமன்றம் முதலில் கேட்பது இதைத்தான்.

3. அப்புறம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. குமரி வழக்குகள் அங்கேதான் போகும். முந்தின நாள் இரவு மறுப்பு வந்தால் மதுரை போக நேரம் இருக்காது. மனுவைத் தள்ளிப்போட்டுக் கடைசி நேரத்தில் மறுப்பது நிர்வாகத்துக்கு வசதி, மனுதாரருக்கு அநியாயம். அதனால்தான் மனுவை முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைக்க வேண்டும்.

மீறிப் போனால் வழக்கு எந்தப் பிரிவில் வரும்? சட்டவிரோதக் கூட்டம் என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 189. ஐந்து பேர் இருந்தாலே போதும், ஆனால் சட்டம் சொல்லும் குற்ற நோக்கம் இருக்க வேண்டும். அரசு ஊழியரின் உத்தரவை மீறியது என்றால் 223, அதாவது பழைய 188. இந்த 188 பற்றி 2018இல் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை தெளிவாகச் சொன்னது: காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியின் எழுத்துப்பூர்வப் புகார் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அமைதியாக நடந்த போராட்டங்கள் மீது போட்ட வழக்குகள் பல பின்னால் ரத்தாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொதுச்சொத்துக்குச் சேதம் என்றால் அப்படித் தப்ப முடியாது. 1992ஆம் ஆண்டு தமிழகச் சட்டம் தனியாக இருக்கிறது.

மனுதாரர் இல்லாத ஊர்வலம்

நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் போகும் பவனி இரண்டு மாநிலச் சாலைகளில் போகிறது. இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்கிறது. அதற்காவது ஏற்பாடு செய்ய அறநிலையத் துறையும் அரண்மனையும் இருக்கின்றன.

சிவராத்திரி சிவாலய ஓட்டத்துக்கு அதுவும் இல்லை. முஞ்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு கோயிலைத் தொட்டு, 100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். காவி உடுத்தி, கையில் விசிறியோடு "கோபாலா, கோவிந்தா" என்று ஓடுபவர்களுக்குக் கமிட்டி கிடையாது, தலைவர் கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் எழுத ஒரு பெயர் கிடைக்காது. இப்படிப்பட்ட இடத்தில் 30ஆவது பிரிவின் உரிமம் பயன்படாது. 31ஆவது பிரிவு சொல்லும் கடமைதான் மிஞ்சுகிறது. பொதுச் சாலையிலும் வழிபாட்டு இடங்களைச் சுற்றியும் ஒழுங்கைக் காப்பது காவல்துறையின் சொந்தப் பொறுப்பு என்பது அந்தக் கடமை. யாரும் மனு போடாமலே, இரவு முழுக்கச் சந்திப்புகளில் நின்று ஓடுகிறவர்களுக்காக வண்டியைக் காவலர்கள் நிறுத்திக்கொடுப்பது அதன்படிதான்.